நிகர எடை

மூன்று மணி மழைக்கு ஓடு சரிந்தது.
குடிலில் மாட்டுக்கு ஒன்றுமில்லை.
சூசையப்பருக்குக் கைத்தடி மட்டும் போயிற்று.
அலமாரி மேல் பஞ்சில் பொதிந்து
நடுராத்திரிக்காகக் காத்திருந்த பாலன்தான்
சுண்ணாம்பு மாவாகிப் போனார்.
மிஞ்சியது ஒரு கால்,
என் சுண்டுவிரலில் பாதி.

"திருத்துறைப்பூண்டி போயி வாங்கிட்டு வந்துருங்க"
என்ற பிலோமினாவே
கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.
கோரையாறு ரோட்டின் மேல் போய்க்கொண்டிருந்தது,
பஸ்ஸைவிட நிதானமாக.

தைத்துவிடலாம் என்றேன்.
மேலும் கீழும் பார்த்தாள்.
பதினாறு வருஷமாக நெல் கொள்முதல் நிலையத்தில்
மூட்டைக்கு வாய் தைக்கிறவன் நான்.
நாற்பது கிலோ, முழச் சணல், ஆறு குத்து, ஒரு முடிச்சு.
என் சட்டைக்குப் பொத்தான் அவள்தான் தைப்பாள்.

அரிசிப் பையைக் கிழித்ததும்
துணி வெள்ளைவெளேரென்று கண்ணைக் குத்தியது.
"இந்த நெறத்துல நம்ம வூட்ல எது பொறந்துச்சு?"
வரக்காப்பியில் முக்கிப் பிழிந்து
அடுப்பு மேல் காட்டினாள்.
நிறம் வந்தது.
எழுத்துதான் போகவில்லை.
பிள்ளை முதுகில் குறுக்கே 'நிகர எடை'.
எத்தனை கிலோ என்ற இடம்
மடிப்புக்குள் போய்விட்டது.

கரண்ட் இல்லை.
டார்ச்சைப் பிடிக்கச் சொன்னால் ஜெசிந்தா
தன் வாய்க்குள் அடித்துக்கொண்டு
கன்னம் சிவக்கிறதா என்று கண்ணாடியில் பார்க்கிறாள்.
இருட்டில் என் கட்டைவிரலையும் சேர்த்து
ஒரு குத்து போட்டேன்.
கோணியூசிக்குத் துணி எது, தோல் எது.

உள்ளே அடைக்கப் பஞ்சு இல்லை, எல்லாம் நனைந்திருந்தது.
கோழிக்கென்று களத்தில் கூட்டி அள்ளி வந்தது
பரணில் ஒரு டப்பா இருந்தது:
கருக்காய், நொய், கொஞ்சம் நல்ல நெல், நிறையத் தூசி.
ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தேன்.
"கொழந்தைக்குமா ஈரப்பதம் பாக்குறீங்க?"
பழக்கம்.
பதினேழுக்குள்தான் இருந்தது.

அடைத்து முடிக்கும் முன்
அந்தக் காலை நெஞ்சுக்கு நேராக வைத்தேன்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

கழுத்து வரவில்லை. கை மடங்கவில்லை.
முழங்கால் என்று ஒன்றை யோசிக்கவே இல்லை.
உலகத்தில் முதல் பொம்மையை
யாரோ ஒருத்தன் அவசரத்தில் செய்தது போல இருந்தது.
தூக்கிப் பார்த்தேன்.
கனம் மட்டும் சரியாக இருந்தது.

"கண்ணு?"
இரண்டு மிளகைப் பொதிந்து கட்டினேன்.
"வாயி?"

ஊசி நின்றுவிட்டது.
எனக்குத் தெரிந்த தையல் ஒன்றுதான்.
அது வாயை மூடுகிற தையல்.
மூட்டை எதுவும் இதுவரை
திறந்துவிடச் சொல்லி என்னிடம் கேட்டதில்லை.

பிலோமினா ஊசியை என் கையிலிருந்து எடுத்துவிட்டு
கத்தரிக்கோலை வைத்தாள்.
ஒரு நெல் நீளம், அவ்வளவுதான் வெட்டினேன்.

பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி
அடித்ததா தெரியவில்லை, தவளைகள் விடவில்லை.
வைக்கோலில் கிடத்தினோம்.
ஜெசிந்தா குனிந்து முத்தம் வைத்து
உதட்டில் ஒட்டிய தவிட்டைத் துப்பினாள்.

விடியும்போது மழை விட்டிருந்தது.
கடைவாயில் பால் வழிந்த மாதிரி
நொய் கொஞ்சம் சிந்திக் கிடந்தது.
அங்கிருந்து மாட்டின் காலுக்கிடையே புகுந்து,
கைத்தடியில்லாத சூசையப்பரைச் சுற்றி
சுவரேறிப் போகிறது
எறும்பு வரிசை.

ராஜாக்கள் வர இன்னும் நாளிருக்கிறது.
அவர்கள் ஏதேதோ கொண்டுவந்து வைப்பார்களாம்.
இதுகள் எடுத்துக்கொண்டு போகின்றன.

கொள்முதல் நிலையத்தில் என்றால்
வாயைப் பார்த்துத் தைக்கத் தெரியாதா என்று
இந்நேரம் ஏச்சு விழுந்திருக்கும்.
விளக்குமாற்றோடு வந்த பிலோமினா
வரிசையைத் தாண்டிக் காலை வைத்து
அந்தப் பக்கம் போய்க்
கூட்டத் தொடங்கினாள்.